ஏழாவது கேள்வி

மார்ச் 4

தம்பிக்கு,

நீ மூன்று வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். என் போன் கெட்டுப்போகவில்லை. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எடுக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் எடுக்காமல் இருக்கிறேன். போனில் பேசினால் நீ சிரிக்க வைப்பாய், சிரித்துவிட்டால் கோபம் போய்விடும். இந்தக் கோபம் எனக்கு வேண்டும். ஆகவே எழுதுகிறேன். நீயும் எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீ எடுத்த படத்தைப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரையரங்கில், பகல் காட்சி. முதல் காட்சியிலேயே என் கொண்டை வந்தது. என் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி வந்தது. "ஏழாவது கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல" என்று நான் இழுப்பது போலவே அந்த நடிகை இழுத்ததும் அரங்கமே குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் அடித்துச் சிரித்தாள். அதுவரை பொறுத்துக்கொண்டேன்.

பிறகு திரையில் அந்த எழுத்தர் தொலைந்த பொருள்களை எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். யாரோ விட்டுப்போன வக்கீல் கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிமன்றம் போகிறாள், ஜெயிக்கிறாள். யாரோ டாக்டரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வைத்தியம் பார்க்கிறாள். யாரோ பெண்ணின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் கணவனோடு விருந்துக்குப் போகிறாள். கட்டிலுக்கு அடியில் திருடி வைத்த ஒரு சிவப்புப் பெட்டி. இத்தனைக்கும் மேலே போஸ்டரில் கொட்டை எழுத்தில் 'உண்மைக் கதை'. பேட்டியில் நீயே சொல்லியிருக்கிறாய், "எல்லாம் எங்க அக்காவோட வாழ்க்கைதான்" என்று.

முப்பத்து நான்கு வருடம் தொலைந்த பொருள் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேருந்துகளில் விட்டுப்போன குடையிலிருந்து பல் செட் வரை என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. ஒரு கைக்குட்டையை நான் எடுத்து முகம் துடைத்ததில்லை. படிவத்தில் முன்பு ஆறு கேள்விகள்தான் இருந்தன. நிறம், அளவு, எந்தப் பேருந்து, இப்படி. எட்டிப் பார்த்தவன் எவனும் சொல்லிவிடலாம். ஏழாவதை நான்தான் சேர்த்தேன்: 'வெளியே தெரியாத ஓர் அடையாளம்.' நான் கையால் எழுதி வைத்ததைப் பிறகு நிர்வாகமே அச்சடித்தது. அதை நீ சிரிப்பு வசனமாக்கிவிட்டாய்.

இப்போது தினமும் கூட்டம் வருகிறது. நேற்று ஒரு குடும்பம்.

"இதுவா அந்த எடம்? படத்துல மஞ்சளா இருந்துச்சே!"

"படத்துல இருந்தது செட்டு. இதுதான் நிஜம்."

"அப்படியா? நிஜம் மாதிரியே இல்லையே!"

இன்று காலை மேலாளர் ஆள் அனுப்பி என் ஜன்னலுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார். படத்தில் இருப்பது போல ஒரு மணியும் மாட்டியாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'படத்தில் வரும் திருடி என் அக்கா இல்லை.' ஊர் அறியச் சொல். அதுவரை போன் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். தயாரிப்பாளரின் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் பிரித்துவிட்டேன். ஒருவர், "யாரு, வரி ஆபீஸா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய இடம் என்றேன்.

முதலில் ஒன்று. அவள் திருடி இல்லை அக்கா. அவளுக்கென்று ஒரு 'தான்' கிடையாது. எந்தச் சட்டையைப் போடுகிறாளோ அந்த ஆளாகவே ஆகிவிடுகிறாள். நாம் எல்லாருமே அப்படித்தானே, பிறர் விட்டுப்போன துண்டுகளைத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிகிறோம்! இதைப் பின்நவீனத்துவ நகைச்சுவை என்கிறார்கள். படத்தின் நடுவே அவள் ஒரு படத்துக்குப் போகிறாள், அதிலும் ஒரு தொலைந்த பொருள் எழுத்தர் வருகிறாள் இல்லையா? அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் ஒரு விமர்சகர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். 'அசலே இல்லாத நகல்' என்பது அவருடைய சொல்.

மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன், கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் செட்டில் போட்டது கற்பனை மஞ்சள். அதைப் பார்த்து நிஜம் தன்னைத் திருத்திக்கொள்கிறது! நகல், அசலைவிட நிஜமாகிவிடுவது. மிகை யதார்த்தம் என்று இதற்குப் பெயர். நான் படத்தில் சொல்ல வந்ததை உன் மேலாளர் பெயிண்ட் டப்பாவோடு வந்து நிரூபித்திருக்கிறார்.

பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டு என்று தெரியும் அக்கா. யாரும் நம்பமாட்டார்கள். 'உண்மைக் கதை' என்று போட்டதும் அந்த விளையாட்டில் ஒரு பகுதிதான். நீ கேட்ட வாக்கியத்தை நான் சொல்லலாம், ஆனால் விளம்பரத்துக்கு மாறாக எதுவும் பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள். இரண்டு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

போனை எடு.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஐந்து சொற்கள் எனக்குப் புரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் புரியாததை அப்படியே விட்டுவிடும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். பின் அலமாரியில் தேடினேன். போன வருடம் இருபத்தேழாம் எண் பேருந்தில் கிடைத்த சாம்பல் அட்டைப் புத்தகம், பின்நவீனத்துவத்தை விளக்குவது. எழுபத்தேழாம் பக்கத்தில் பயணச்சீட்டு சொருகியிருந்தது. வைத்திருந்தவர் அதோடு இறங்கிவிட்டார் போலிருக்கிறது. நான் கடைசிவரை போனேன், இரண்டு தடவை.

மோசமான புத்தகம் இல்லை. உன்னைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அதில் எங்கேயும், நகல் எடுத்தவன் அசலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று எழுதவில்லை. உன் விமர்சகரிடம் சொல், அசல் இருக்கிறது, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை மஞ்சள் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, வேண்டுமானால் வந்து மணியடித்துப் பார்க்கலாம் என்று.

யாரும் நம்பமாட்டார்கள் என்றாய். கேள். முன்பு வாரத்துக்கு இருபது பொருள் வரும். இப்போது இருநூறு. எதுவும் தொலைந்தது இல்லை. குடையை வேண்டுமென்றே பேருந்தில் போட்டுவிட்டு, மறுநாள் வந்து என்னிடம் வாங்கும்போது போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தொலைக்காத பொருளை நான் எப்படிக் கண்டெடுத்துக் கொடுப்பது? படத்தில் வந்த சால்வை தன்னுடையது என்று இதுவரை ஏழு பெண்கள் படிவம் கொடுத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஒரு பெண் வந்தாள். மணியை அடிக்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவள் நிஜமாகவே தொலைத்தவள். கணவன் பெயிண்டர், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்திருக்கிறது. மறுநாள் ஆபரேஷன். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இருந்த உறையைப் பேருந்தில் விட்டுவிட்டாள். ஏழாவது கேள்வியைக் கேட்டேன். "உள்ள ஒரு துண்டுச்சீட்டு இருக்கும்மா. அவரு எழுதினது. 'பயப்படாதே'ன்னு" என்றாள். முன்பென்றால் இரண்டு நிமிட வேலை. உன் ரசிகர்களின் முப்பத்தெட்டுக் குடைகளுக்கும் பொம்மைகளுக்கும் அடியிலிருந்து அதை எடுக்க எனக்கு இரண்டு மணிநேரம் ஆயிற்று. அவள் நின்றுகொண்டே இருந்தாள். இதற்கும் உன் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும்.

அடுத்தது. எனக்கு மெமோ வந்திருக்கிறது. ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். ஆறு வருடம் முன்பு பேருந்தில் ஒரு சிவப்புப் பெட்டியைத் தொலைத்தாராம். இங்கே எழுதிக் கொடுத்தும் கிடைக்கவில்லையாம். இப்போது உன் படத்தில், என் கட்டிலுக்கு அடியில், அதைப் பார்த்துவிட்டாராம். சாட்சி: படம். அத்தாட்சி: போஸ்டரும் உன் பேட்டியும். ஏப்ரல் 16 அன்று விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது, முப்பத்து நான்கு வருடப் பதிவின் கடைசி வரியில் 'திருடி' என்று எழுதுவார்கள்.

அந்த மேலாளர் ஒரு கையால் ஜன்னலுக்கு மஞ்சள் அடிக்கிறார், இன்னொரு கையால் மெமோ நீட்டுகிறார். இப்போதும் துள்ளிக் குதிக்கிறாயா?

அக்கா


மார்ச் 27

அக்கா,

குதிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெயிண்டருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

விசாரணையைப் பற்றி யோசித்தேன். பெட்டி பொய். அது உனக்கும் எனக்கும் தெரியும். எனக்குப் பயம் பெட்டியைப் பற்றி இல்லை. "தொலைந்த பொருள் எதையாவது நீங்கள் உபயோகித்ததுண்டா?" என்று அவர்கள் கேட்பார்கள். நீ புத்தகங்களைச் சொல்லிவிடுவாய். சொல்லாதே அக்கா. காலில் விழுந்து கேட்கிறேன். 'இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியப்போவதில்லை. நீ மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலை மூடிவிட்டுப் படித்ததைப் பார்த்த ஒரே சாட்சி நான்தான்.

கோபத்தில் நீ ஒன்றை மறந்துவிட்டாய். எனக்கு எட்டு வயது. பள்ளி விட்டதும் உன் ஜன்னலுக்குத்தான் வருவேன். பதிவு எண் 412 என்று சீட்டு ஒட்டிய ஒரு புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டினாய். கலங்கரை விளக்கில் தனியாக இருக்கும் காவலாளியின் கதை. தம்பி போன கப்பலுக்காக அவன் காத்திருக்கிறான். கப்பல் வருகிறது, புயலில் விளக்கு அணைந்துவிடுகிறது, அவன் தன் வீட்டுக் கூரையைக் கொளுத்தி வெளிச்சம் காட்டுகிறான். எத்தனை நாள் அந்தக் கூரையை நினைத்துக்கொண்டே தூங்கினேன்!

பத்தொன்பது வயதில் அந்தப் புத்தகத்தைக் கடையில் பார்த்து வாங்கினேன். கூரையும் இல்லை, தீயும் இல்லை. கப்பல் வரவே இல்லை. அவன் கதவைப் பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறான். 412-இல் கடைசிப் பதினொரு பக்கம் கிழிந்திருந்தது. நீயாக ஒரு முடிவு சொல்லியிருக்கிறாய். அதைச் சொல்லவும் இல்லை.

அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் ஒரு வாரம் இருந்தது. பிறகுதான் உறைத்தது: உன் முடிவுதான் நல்ல முடிவு. நகல் அசலை ஜெயிக்க முடியும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பிரெஞ்சு அறிஞரும் இல்லை. நீதான். இன்றைக்கு என்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாய்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

பெயிண்டர் உட்கார ஆரம்பித்துவிட்டார். மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

412 விஷயம் உண்மை. முடிவை நான்தான் கட்டினேன். எட்டு வயதுக்காரனிடம், காத்திருந்தும் கப்பல் வரவில்லை என்று என்னால் சொல்ல முடிந்திருக்காது. முடிவு என்னவென்று எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் 'உண்மைக் கதை' என்று நான் போஸ்டர் ஒட்டவில்லை. அந்தக் காவலாளிக்கு மெமோவும் வரவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

புத்தகங்களைப் படித்தேனா என்று கேட்டால் படித்தேன் என்றுதான் சொல்வேன். இதில் உன் காலும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.

இனி வேலையைப் பேசுவோம். உன் படத்தை நேற்று மூன்றாவது தடவை பார்த்தேன், நோட்டுப் புத்தகத்தோடு. புகார்க்காரர் இப்போது கொடுத்த படிவத்தில் ஏழாவது கேள்விக்கு எழுதியிருக்கும் பதில்: 'உள்ளே பச்சைத் துணி, மூடியின் இடது மூலையில் கிழிசல்.' அந்தக் கிழிசல் படத்தில் கடைசிப் பாட்டுக்கு முன்பு நன்றாகவே தெரிகிறது. படம் பார்த்த அத்தனை பேரும் சொல்லக்கூடிய பதில், அடையாளம் ஆகாது.

கடைசிக் காட்சியில் அவள் பெட்டியைத் திறந்து குனிந்து பார்க்கிறாள். பெட்டிக்குள்ளிருந்து அவள் முகம் நமக்குத் தெரிகிறது. 'பெட்டிக்குள் இருப்பது நாம்தான்' என்று உன் விமர்சகர் உருகியிருக்கிறார். நான் உருகவில்லை. இவ்வளவு பெரிய கேமராவை இந்தப் பெட்டிக்குள் எப்படி வைத்தார்கள் என்று யோசித்தேன். முகம் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் கேமரா பெட்டிக்குக் கீழே, தள்ளி இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அந்தப் பெட்டிக்கு அடி கிடையாது. சரிதானே?

அந்தப் பெட்டி எனக்கு 16-ஆம் தேதிக்குள் வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

சரிதான். அறுத்து எடுத்துவிட்டோம். படப்பிடிப்புக் குழுவில் இருந்தவர்களைத் தவிர இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் நீதான். நாற்பது விமர்சகர்கள் பார்த்தார்கள்.

ஆனால் பெட்டியை அனுப்ப முடியாது. அது இங்கே கண்காட்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது, 'உண்மைப் பெட்டி' என்ற அட்டையோடு. மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். தயாரிப்பாளரிடம் கேட்டேன். "உங்க அக்காவுக்காக நம்ம படத்தை நாமளே பொய்னு சொல்றதா? நல்லாருக்கே கதை!" என்றார். கையெழுத்துப் போட்ட தாளையும் எடுத்துக் காட்டினார். எந்த அலுவலகத்துக்கும், எந்த விசாரணைக்கும் நான் பெட்டியைக் கொடுக்கக் கூடாதாம். நான் கொடுக்கப்போவதில்லை.

வேறொன்று கேட்க நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை இங்கிருந்து கிளம்பும் பேருந்தில், கடைசி இருக்கைக்கு அடியில் யாராவது எதையாவது மறந்துவிட்டால், அது இன்னும் உன் ஜன்னலுக்குத்தான் வருமா? சும்மாதான் கேட்டேன். எனக்கு இப்போதெல்லாம் மறதி அதிகம்.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

வந்தது. புதன்கிழமை காலை நடத்துநர் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, இது படத்துல வர்ற பெட்டி மாதிரியே இருக்கு!" "மாதிரி இல்லை. வைங்க" என்றேன். விதிப்படி பதிந்தேன். 'சிவப்புப் பெட்டி ஒன்று. பித்தளைப் பூட்டு. அடி இல்லை.' சாக்குத் துணியால் மூடி வைத்தேன்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். கடும் ஜலதோஷம், பேச்சுக்குப் பேச்சு தும்மல். பக்கத்தில் மேலாளர். எதிரே புகார்க்காரர், சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு. கெட்டவர் போலத் தெரியவில்லை. நான் பெட்டிமேல் இருந்த சாக்கை எடுத்தேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இதான்! இதேதான் மேடம்! நான்தான் சொன்னேன்ல!"

"உட்காருங்க," என்றேன். "ஒரு கேள்விதான். பெட்டியோட அடிப்பக்கம் எப்படி இருக்கும்?"

"அடிப்பக்கமா? அதே சிவப்புத் தோலுதான். நாலு மூலையிலயும் பித்தளைக் குமிழு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என் பெட்டிம்மா! கண்ண மூடினாலே தெரியுது."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். நான் பெட்டியைத் திறந்து, தூக்கி, என் முகத்துக்கு நேரே பிடித்து, அதன் வழியாக அதிகாரியைப் பார்த்தேன். "மேடம், நான் தெரியறேனா?" என்று கேட்டேன். உன் படத்தின் கடைசிக் காட்சி அப்படியே. இந்தத் தடவை பெட்டியில் இருந்தது அசல் முகம். அதிகாரி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு தும்மலாகி, தும்மல் மறுபடி சிரிப்பாகி, தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. மேலாளர் மட்டும் பெட்டியின் மறுபக்கம் கையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த மனிதர் சிரிக்கவில்லை. முகம் தொங்கிவிட்டது. "நான் பொய் சொல்லலம்மா. என் பெட்டி நெசமாவே தொலஞ்சது. ஆனா இந்தப் படம் பார்த்ததுலேர்ந்து என் பெட்டி எப்படி இருந்துச்சுன்னே எனக்கு மறந்துபோச்சு" என்றார். சாம்பல் அட்டைப் புத்தகத்தில் முந்நூறு பக்கம் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

எனக்கு ஜெயித்தது போதும் என்று விட மனம் வரவில்லை. "கண்ண மூடுங்க. படத்தை விடுங்க. பேருந்துல ஏறுறீங்க. கையில பெட்டி. கைக்கு எப்படி இருக்கு?" என்றேன்.

கண்ணை மூடி, விரல்களை மடக்கிப் பார்த்தார். பிறகு, "உறுத்துது" என்றார். "கயிறு. கைப்பிடி அறுந்துபோயி தேங்கா நார்க் கயிறு கட்டியிருந்தேன்."

"ஆறு வருஷம் முன்னாடி ஏன் அதை எழுதல?"

"வெக்கமா இருந்துச்சும்மா. தோல் கைப்பிடின்னு எழுதிட்டேன்."

பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். நான்காவது பக்கத்திலேயே இருந்தது, என் கையெழுத்தில்: 'பெட்டி ஒன்று, கயிற்றுக் கைப்பிடி.' தோல் கைப்பிடி என்று கேட்டவருக்கு அன்றைக்கு அதைக் கொடுக்க முடியவில்லை. பூட்டிய பெட்டியை ஒரு வருடம் திறக்கக் கூடாது என்பது விதி. திறந்தபோது நிராகரித்த படிவங்கள் கழிவுக்குப் போயிருந்தன, பெட்டியை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் காகிதங்களை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அறையின் கடைசி அலமாரியில் அவருடைய பள்ளிச் சான்றிதழ்களும் அவர் அம்மாவின் போட்டோவும் ஆறு வருடமாக ஓர் உறைக்குள் உட்கார்ந்திருந்தன. எடுத்துக் கொடுத்தேன். போட்டோவைச் சட்டையில் துடைத்தார். சலவை மடிப்புக் கலைந்தது. புகாரை அவரே வாங்கிக் கிழித்துப்போட்டார்.

எல்லாரும் எழுந்த பிறகுதான் அதிகாரிக்கு ஞாபகம் வந்தது. "ஃபார்மாலிட்டிக்குக் கேக்கறேன்மா. தொலைஞ்ச பொருள் எதையாவது நீங்க உபயோகிச்சதுண்டா?"

"உண்டு. புத்தகம். ஆயிரத்து நூற்றாறு படிச்சிருக்கேன்" என்று என் நோட்டை நீட்டினேன். எடுத்த நாள், முடித்த நாள், திருப்பி வைத்த நாள், எல்லாம் இருந்தன. அதிகாரி பத்து நிமிடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுல ஜலதோஷத்துல படுத்துக்கிட்டுப் படிக்க எது நல்லாருக்கும்?"

உத்தரவு நேற்று வந்தது. என்மேல் எந்தக் குற்றமும் இல்லை. உரிமை கோரப்படாத புத்தகங்களை ஜன்னலிலேயே வைத்துப் பணியாளர் படிக்கலாம் என்று விதியில் புது வரி சேர்ந்திருக்கிறது. ஏழாவது கேள்விக்குப் பிறகு இந்த நிர்வாகத்தில் என்னால் வந்த இரண்டாவது வரி. மஞ்சளைச் சுரண்டச் சொல்லிவிட்டேன். மணியைக் கழற்றி, 'உரிமையாளர் தெரியாத பொருள்' என்று பதிந்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு சிவப்புப் பெட்டியும் அங்கே இருக்கிறது. உரியவர் ஒரு வருடத்துக்குள் படிவம் நிரப்பிக் கேட்க வேண்டும். படிவம் இத்துடன்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

உன் கடிதத்தைத் தயாரிப்பாளருக்கே வாசித்துக் காட்டினேன். பெட்டி காணாமல்போன அன்று அவர் என்னைப் பார்த்துக் கத்தியது தெருவுக்கே கேட்டது. நான் அதே மாலை கண்காட்சிக் கூட்டத்தின் முன்னால் ஏறி நின்று சொல்லிவிட்டேன்: படத்தில் வருவது என் கற்பனை, என் அக்கா எதையும் அணிந்ததில்லை, பெட்டிக்கு அடி இல்லை, வெட்கப்பட வேண்டியவன் நான்தான் என்று. வேலை போகும் என்று நினைத்தேன். ஆனால் மறுநாளிலிருந்து காலியான கண்ணாடிக் கூண்டைப் பார்க்க இரண்டு மடங்கு கூட்டம்! 'உண்மைப் பெட்டி' என்ற அட்டையை எடுக்க வேண்டாம் என்கிறார் தயாரிப்பாளர். இப்போதுதான் அது உண்மையாம்.

இந்த வெள்ளிக்கிழமை முதல் எல்லாத் திரையரங்குகளிலும் படம் தொடங்கும் முன் ஓர் அறிவிப்பு வரும்: 'இது கற்பனை. இதற்குத் தூண்டுதலான எழுத்தர் நேர்மையானவராகக் கருதப்படுகிறார்.'

படிவம் நிரப்பி இணைத்திருக்கிறேன். ஏழாவது கேள்விக்குப் பதில்: அடி இல்லை.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

'கருதப்படுகிறார்' என்றால் என்ன? யார் கருதுகிறார்கள்? 'நேர்மையானவர்' என்று முடி. மற்றபடி சரி.

படிவம் நிராகரிக்கப்படுகிறது. அடி இல்லை என்பது இப்போது ஊருக்கே தெரியும், நீயே மேடை ஏறிச் சொல்லிவிட்டாய். ஏழாவது கேள்வியை மறுபடி படி. வெளியே தெரியாத ஓர் அடையாளம்.

அக்கா


மே 5

அக்கா,

மூடியின் உள்ளே, பச்சைத் துணிக்கு அடியில், மரத்தின்மேல் பென்சிலில் நான் எழுதியது. படப்பிடிப்பின் முதல் நாள், துணி ஒட்டுவதற்கு முன்பு. இதுவரை யாருக்கும் தெரியாது.

'412. முடிவு அக்கா சொன்னபடி.'

தம்பி


மே 9

தம்பிக்கு,

கத்தரிக்கோலால் துணியின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். இருக்கிறது. உன் கையெழுத்துதான். 'முடிவு' என்ற சொல்லின்கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய், அதைப் படிவத்தில் குறிப்பிடவில்லை. இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். துணியை மறுபடி ஒட்டிவிட்டேன்.

பெட்டியைத் தபாலில் அனுப்ப விதியில் இடமில்லை. நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம், ஜன்னல் மூடியிருக்கும். அப்போதே வா. மணி இல்லை, தட்டினால் போதும். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

நேற்று உன் போனை எடுத்தேன். நீதான் வைத்துவிட்டாய், நான் எடுப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

வரும்போது நீ கடையில் வாங்கிய அந்த முழுப் புத்தகத்தையும் கொண்டுவா. கடைசிப் பதினொரு பக்கத்தை நானும் ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். பிடிக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா